உரிமைப் பட்டயம் அரசியலமைப்பில் ஏறிய வரலாறு

நம் நாட்டின் அரசியலமைப்பு 1950ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோதே அதன் மூன்றாம் பகுதியில் அடிப்படை உரிமைகள் இடம் பெற்றிருந்தன. ஆகவே, அரசியலமைப்பு என்று ஒன்று இருந்தால் அதனுள் குடிமக்களின் உரிமைகளும் இருந்தே தீரும் என்று நாம் இயல்பாக எண்ணிவிடுகிறோம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1787ஆம் ஆண்டு எழுதி முடிக்கப்பட்ட அரசியலமைப்பின் நிலை அதுவன்று. ஆட்சி எவ்வாறு நடைபெற வேண்டும், வரி விதிப்பவர் யார், படை திரட்டுபவர் யார் என்பனவெல்லாம் அதில் தெளிவாகக் கூறப்பட்டிருந்தன. உரிமைப் பட்டயம் என்று சொல்லத்தக்க பகுதி மட்டும் இல்லை. 1791ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள்தான் அது பத்துத் திருத்தங்களாகச் சேர்ந்தது. சட்டத்தை எழுதிய பெரியோர் தாமாக மனமுவந்து அதைச் சேர்க்கவில்லை. சிற்றூர்க் கூட்டங்களில் அமர்ந்த உழவரும் கைத்தொழிலாளரும் சமய போதகரும், "இதில்லாமல் நாங்கள் எவ்வாறு இசைவு தருவது?" என்று கேட்டதனால் சேர்ந்தது. ஊராட்சிப் பணியில் ஈடுபட்டிருப்போர் அறிய வேண்டிய வரலாறு என்பதால் இங்கே சற்று விரிவாகக் கூற முற்படுகிறேன்.

அமெரிக்காவில் ஆங்கிலேயரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த 13 குடியேற்றங்கள் 1776ஆம் ஆண்டு ஜூலையில் விடுதலையை அறிவித்தன. அதற்குச் சில வாரங்கள் முன்னரே வர்ஜீனியா மாநிலம் தனக்கென ஓர் உரிமை அறிக்கையை நிறைவேற்றிக் கொண்டது. அதைப் பெரும்பாலும் எழுதியவர் ஜார்ஜ் மேசன் என்ற நிலக்கிழார். வேறு பல மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. அம்மக்கள் பட்டிருந்த துன்பங்களே இதற்குக் காரணம். இன்ன வீடு, இன்ன பொருள் என்று குறிப்பிடாத பொதுப் பிடியாணை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சுங்க அதிகாரிகள் எந்த வீட்டிலும் எந்தக் கிடங்கிலும் புகுந்து சோதனையிட்டனர். சுங்க வழக்குகளை ஊரார் பன்னிருவர் அமர்ந்து தீர்ப்பளிக்கும் ஜூரி முறையின்றித் தனி நீதிபதியே தீர்த்தார். இவையெல்லாம் மீண்டும் வரலாகாது என்பதே அவர்களுடைய கவலை.

மாஸச்சூஸெட்ஸ் மாநிலத்தில் நிகழ்ந்தது இன்னும் கருதத்தக்கது. அங்கே ஒவ்வோர் ஊரிலும் ஊர்க்கூட்டம் கூடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஏறத்தாழ நமது கிராம சபையைப் போன்றது. 1778ஆம் ஆண்டு அம்மாநிலச் சட்டசபை ஓர் அரசியலமைப்பை எழுதி, ஊர்க்கூட்டங்களின் ஒப்புதலுக்கு அனுப்பியது. ஊர்கள் அதை மிகப் பெரும்பான்மையோடு தள்ளிவிட்டன. அதில் உரிமை அறிக்கை இல்லை என்பது அவர்கள் கூறிய காரணங்களில் முக்கியமானது. பின்னர் ஜான் ஆடம்ஸ் முன்னின்று வேறொரு வரைவு எழுதினார். அதில் முதற்பகுதியே உரிமை அறிக்கைதான். 30 பிரிவுகள் கொண்டது. 1780ஆம் ஆண்டு அதுவும் ஊர்களுக்கு அனுப்பப்பட்டது. ஊரார் பிரிவு பிரிவாகப் படித்து, எதை ஏற்கிறோம், எதை மறுக்கிறோம், ஏன் மறுக்கிறோம் என்று எழுதி அனுப்பிய தாள்கள் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. அந்த மாநில அரசியலமைப்பு இன்றளவும் நடைமுறையில் உள்ளது. அரசியலமைப்புச் சட்டம் படித்தவர்களுக்கே விளங்கும் என்று ஒதுங்கிக் கொள்ளும் நம் உறுப்பினர் சிலருக்கு இச்செய்தியை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

விடுதலைக்குப் பின் மாநிலங்கள் ஒன்றுசேர்ந்து அமைத்துக் கொண்ட மத்திய ஆட்சி மிகவும் வலுவற்றது. வரி விதிக்கும் அதிகாரமே அதற்கு இல்லை. போர்க்கடனைத் தீர்க்கவும் வழியில்லை. 1786ஆம் ஆண்டு மாஸச்சூஸெட்ஸின் மேற்குப் பகுதியில், வரிப்பளுவும் கடனும் தாங்காமல் நிலத்தை இழந்துகொண்டிருந்த விவசாயிகள் டேனியல் ஷேஸ் முதலியோர் தலைமையில் திரண்டு, கடன் வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றங்களை நடக்கவிடாமல் தடுத்தனர். செல்வர்களுக்கு அச்சம் பிறந்தது. வலிமையான மத்திய ஆட்சி வேண்டும் என்ற எண்ணம் ஓங்கியது. அதன் விளைவாக 1787ஆம் ஆண்டு மே மாதம் பிலடெல்பியா நகரில் அரசியல் நிர்ணய மாநாடு கூடியது. ரோட் தீவு என்னும் சிறு மாநிலம் மட்டும் எவரையும் அனுப்பவில்லை.

உள்ளே பேசுவதை வெளியே சொல்லலாகாது என்ற விதியுடன் நான்கு மாத காலம் விவாதம் நடந்தது. வேலை முடியும் தறுவாயில், செப்டம்பர் 12ஆம் நாள், ஜார்ஜ் மேசன் எழுந்து, இதன் முகப்பில் ஓர் உரிமைப் பட்டயம் இருப்பது நலம், மாநில அறிக்கைகளைப் பார்த்துச் சில மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்றார். எல்பிரிட்ஜ் கெர்ரி அதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தார். கனெக்டிகட் மாநிலத்து ரோஜர் ஷெர்மன், மாநிலங்களின் உரிமை அறிக்கைகளே போதும் என மறுத்தார். மாநில வாரியாக வாக்கெடுத்தபோது ஒரு மாநிலமேனும் தீர்மானத்தை ஆதரிக்கவில்லை. கோடைகாலம் முழுவதும் ஓர் அறையில் அடைபட்டிருந்தவர்களுக்கு ஊர் திரும்பும் ஆவல் மிகுந்திருந்தது என்பதையும் நாம் கணக்கில் கொள்ளலாம். தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பொருள் எவ்வளவு விரைவாக முடிந்துபோகும் என்பது மன்றக் கூட்டங்களுக்குச் செல்வோர் அறிந்ததே. செப்டம்பர் 17ஆம் நாள் 39 பேர் கையொப்பமிட்டனர். மேசன், கெர்ரி, வர்ஜீனியாவின் எட்மண்ட் ராண்டால்ப் ஆகிய மூவரும் அங்கிருந்தும் கையொப்பமிட மறுத்துவிட்டனர்.

உரிமைப் பட்டயம் வேண்டாம் என்றவர்கள் தீயோர் அல்லர்; அவர்களுடைய வாதத்திலும் பொருள் இருந்தது. ஜேம்ஸ் வில்சன், அலெக்சாண்டர் ஹாமில்டன் போன்றோர் கூறியதை நம் ஊர் வழக்கில் சொல்வதானால் இப்படிச் சொல்லலாம். ஊராட்சிக் குளத்தின் மீன்பாசி குத்தகையை ஒருவருக்கு விடுகிறோம். மீன் பிடிக்கும் உரிமை மட்டுமே தரப்படுகிறது என்று சீட்டில் எழுதியாகிவிட்டது. பிறகு, கரை மரத்தை வெட்டாதே என்று தனியே எழுதுவானேன்? கொடுக்காத அதிகாரத்தைத் தடுக்க வேண்டியதில்லை அல்லவா? இது முதல் வாதம். இரண்டாவது வாதம் இன்னும் நுட்பமானது. புளியை வெட்டாதே, பனையை வெட்டாதே என்று எழுதிவிட்டு வேம்பை மறந்துவிட்டால், வேம்பு தனக்குரியது என்று குத்தகைதாரர் சாதிக்கக்கூடும். ஆகவே, பட்டியல் போடுவது தேவையற்றது மட்டுமல்ல, ஆபத்தானதும் ஆகும் என்றார் ஹாமில்டன்.

எதிர்த்தவர்கள் கொடுத்த பதில் எளியது. இந்த அரசியலமைப்பிலேயே சில உரிமைகள் பட்டியல் போடப்பட்டுள்ளனவே! காரணமின்றிச் சிறையில் அடைக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரச் செய்யும் ஆட்கொணர்வு ஆணையை ரத்துச் செய்தலாகாது என்று இருக்கிறது. குற்ற வழக்குகளுக்கு ஜூரி உண்டு என்று இருக்கிறது. அப்படியாயின் அதில் எழுதப்படாத பேச்சுரிமையும் சமய உரிமையும் என்னவாகும்? மேலும், தனக்குத் தரப்பட்ட அதிகாரங்களைச் செலுத்தத் தேவையான, தக்க சட்டங்களையெல்லாம் இயற்றலாம் என்ற ஒரு வாசகமும் உள்ளே இருந்தது. 'தேவை' என்பதைத் தீர்மானிப்பவர் யார்? குத்தகைதாரர்களோடு பழகிய எவருக்கும் இக்கேள்வியின் கூர்மை விளங்கும்.

13 மாநிலங்களில் 9 இசைந்தால் அரசியலமைப்பு நடைமுறைக்கு வரும் என்பது ஏற்பாடு. ஒவ்வொரு மாநிலத்திலும் இதற்கெனவே பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டு மாநாடு கூடியது. பென்ஸில்வேனியாவில் அவசரம் மிகுந்திருந்தது. மாநாடு கூட்டும் தீர்மானத்தை ஒத்திவைக்க வேண்டிச் சட்டசபை உறுப்பினர் சிலர் வராமலிருக்க, கூட்டத்திற்கு வேண்டிய குறைந்த எண்ணிக்கை சேரவில்லை. ஒரு கும்பல் சென்று, அவர்களுள் இருவரைத் தங்கியிருந்த இடத்திலிருந்து இழுத்து வந்து சபையில் உட்கார வைத்து எண்ணிக்கையை நிரப்பியது. நல்ல சட்டமாயினும் இவ்வாறு நிறைவேற்றினால் மக்களின் ஐயம் வளருமேயன்றிக் குறையாது.

1788ஆம் ஆண்டு ஜனவரியில் மாஸச்சூஸெட்ஸ் மாநாடு போஸ்டன் நகரில் கூடியபோது, சிற்றூர்களிலிருந்து வந்தவர்களில் பலர் எதிர்ப்பாளர்களாகவே இருந்தனர். சட்டன் என்ற ஊரின் பிரதிநிதியான அமோஸ் சிங்கிள்டரி எழுந்து, வழக்கறிஞரும் கற்றோரும் பணம் படைத்தோரும் இனிக்க இனிக்கப் பேசி, எழுத்தறியாத ஏழைகளாகிய எங்களை இந்த மருந்தை விழுங்கச் செய்யப் பார்க்கிறார்கள். பின்னர் பெரியோரெல்லாம் சேர்ந்து சிறியோரை விழுங்கிவிடுவார்கள் என்ற கருத்துப்பட முழங்கினார். அதற்கு விடையளித்தவர் ஒரு வழக்கறிஞர் அல்லர். லேன்ஸ்பரோ ஊர் விவசாயி ஜொனதன் ஸ்மித். தாம் ஏர் பிடித்துப் பிழைப்பவர் என்றும், முந்திய ஆண்டுக் கலகத்தைக் கண்ணால் கண்டதால் ஒழுங்கான ஆட்சியின் அருமையை உணர்ந்தவர் என்றும், எந்த வழக்கறிஞரிடமும் போகாமல் தாமே படித்து முடிவு செய்ததாகவும் கூறினார். சிலர் கூடிக் கரட்டு நிலத்தைத் திருத்திக் கோதுமை விதைத்த பின், எவ்வகை வேலி போடுவது என்பதில் ஒத்துப் போகவில்லை என்பதற்காகப் பயிரைப் பாழாக விடுவார்களா என்பது அவர் கேட்ட கேள்வி. இருவர் பேச்சும் ஒரே நாளில் நடந்தவை. எனக்கு இருவரிடமும் மதிப்பு உண்டு. வேலியில்லாத பயிருக்கு என்ன நேரும் என்று முன்னவர் கேட்டதும் நியாயம், வேலிச் சண்டையில் பயிரை இழக்கலாகாது என்று பின்னவர் சொன்னதும் நியாயம்.

வழி பிறந்தது இவ்விரண்டிற்கும் இடையில்தான். ஆளுநர் ஜான் ஹான்காக், சாமுவேல் ஆடம்ஸ் ஆகியோர் ஓர் ஏற்பாட்டை முன்வைத்தனர். அரசியலமைப்பை இப்போது ஏற்றுக்கொள்வது, கூடவே இன்னின்ன திருத்தங்கள் வேண்டும் என்ற பரிந்துரையையும் சேர்த்து அனுப்புவது. பிப்ரவரி 6ஆம் நாள் 187 வாக்குகளுக்கு எதிராக 168 என்ற நிலையில் இசைவு கிட்டியது. பத்துப் பேர் மாறி வாக்களித்திருந்தால் கதை வேறாகியிருக்கும். பின்னர் இசைவு தந்த மாநிலங்களில் பெரும்பாலானவை இதே வழியைக் கையாண்டன. ஜூன் 21ஆம் நாள் நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. வர்ஜீனியாவில் பேச்சு வன்மை மிக்க பாட்ரிக் ஹென்றி எதிர்த்து நின்றும் 89க்கு 79 என்று நிறைவேறியது; நியூயார்க்கில் 30க்கு 27. வட கரோலினா, உரிமைகள் எழுதப்பட்டாலன்றி இசைவு இல்லை என்று நின்றுவிட்டது. ரோட் தீவு நேரடியாக மக்களிடமே வாக்கெடுத்து மறுத்தது.

இனி, திருத்தங்களைக் கொண்டுவந்தவரைப் பற்றிக் கூற வேண்டும். வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மாடிசன் 1787 மாநாட்டில் மிகுதியாக உழைத்தவர். உரிமைப் பட்டயத்தில் அவருக்கு அப்போது நம்பிக்கை இல்லை. மாநிலங்களில் எழுதி வைத்த உரிமைகளைப் பெரும்பான்மையினர் வேண்டியபோதெல்லாம் மீறியதை அவர் கண்டிருந்தார். தோலில் எழுதிய எழுத்து வேலியாகுமா என்பது அவருடைய ஐயம். பாரிஸில் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன் கடிதத்திற்கு மேல் கடிதம் எழுதி, எந்த ஆட்சியானாலும் அதற்கெதிராக மக்கள் பெறவேண்டிய பாதுகாப்பு இது என்றும், எழுதி வைத்தால்தான் நீதிமன்றம் அதைப் பற்றிக்கொண்டு தடுக்க இயலும் என்றும் வாதாடினார்.

கடிதங்கள் மனத்தை அசைத்தன. தேர்தல் அதை முடித்து வைத்தது. ஹென்றியின் செல்வாக்கினால் மாடிசனுக்குச் செனட் சபையில் இடம் கிடைக்கவில்லை. பிரதிநிதிகள் சபைக்கு நின்ற தொகுதியிலும், திருத்தங்களை வலியுறுத்திய ஜேம்ஸ் மன்றோ எதிரில் நின்றார். அத்தொகுதியில் பாப்டிஸ்ட் பிரிவைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் பலர் இருந்தனர். ஆங்கிலேயர் காலத்தில் அரசாங்கச் சபையைச் சேராத காரணத்தால், உரிமம் இன்றிப் போதித்தார்கள் என்று அவர்களுடைய போதகர்கள் சிறையிடப்பட்டதுண்டு. சமய உரிமை எழுத்தில் வேண்டும் என்பதில் அவர்கள் உறுதியாயிருந்தனர். மாடிசன் 1789 ஜனவரியில் அவர்களுள் ஒரு போதகருக்குக் கடிதம் எழுதி, தேர்ந்தெடுக்கப்பட்டால் திருத்தங்களுக்கு உழைப்பதாக உறுதி கூறினார். பனி கொட்டும் குளிர்காலத்தில் இருவரும் ஊர் ஊராகச் சென்று வாதிட்டனர். அப்படி ஓர் இரவு குதிரையில் திரும்புகையில் குளிரால் தம் மூக்கு புண்ணானது என்று முதுமையில் மாடிசன் சொல்வாராம். 1,308க்கு 972 என்ற வாக்குக் கணக்கில் அவர் வென்றார்.

வாக்குறுதியை அவர் காப்பாற்றினார் என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு. நியூயார்க் நகரில் கூடிய முதல் காங்கிரஸில் 1789 ஜூன் 8ஆம் நாள் திருத்தங்களை முன்வைத்தார். சுங்கவரி முதலான அவசர வேலைகள் கிடக்க இதற்கென்ன இப்போது அவசரம் என்று பலர் முணுமுணுத்தனர். அவர் விடவில்லை. மாநிலங்கள் அனுப்பிய ஏராளமான பரிந்துரைகளில், மத்திய ஆட்சியின் வரி அதிகாரத்தைக் குறைக்கும் யோசனைகளை ஒதுக்கிவிட்டு, தனி மனிதனின் உரிமையைக் காப்பனவற்றையே பொறுக்கியெடுத்தார். எதிர்ப்பாளர் சிலருக்கு இதனால் மனக்குறைதான். அவற்றை அரசியலமைப்பின் நடுவே ஆங்காங்கே செருக வேண்டும் என்பது மாடிசன் விருப்பம். இறுதியில் தனியே சேர்க்க வேண்டும் என்று ஷெர்மன் வாதாடி வென்றார். பட்டயமே வேண்டாம் என்றிருந்தவர் ஷெர்மன். அவருடைய வெற்றியினால்தான் அது இன்று தனித்து ஒரே இடத்தில் படிக்கத்தக்கதாய் நிற்கிறது.

பிரதிநிதிகள் சபை 17 பிரிவுகளை நிறைவேற்ற, செனட் சபை அவற்றை 12 ஆக்கிற்று. செப்டம்பர் 25ஆம் நாள் இரு சபைகளும் ஒப்பின. மாநிலங்கள் இசைந்தவை பத்து. சமயம், பேச்சு, அச்சு, அமைதியாகக் கூடுதல், குறை கூறி விண்ணப்பித்தல் ஆகியவற்றில் காங்கிரஸ் கைவைக்கலாகாது. இன்ன இடம் என்று குறிப்பிடாத பிடியாணையைக் கொண்டு வீடு புகலாகாது. குற்றம் சாட்டப்பட்டவரை அவருக்கெதிராகவே சாட்சி சொல்ல வற்புறுத்தலாகாது. பொதுக் காரியத்திற்கு ஒருவர் சொத்தை எடுத்தால் நியாயமான ஈடு தரவேண்டும் என்பன அவற்றில் சில. ஹாமில்டன் சுட்டிய வேம்பு மரத்திற்கும் மாடிசன் வழி கண்டார்: பட்டியலில் இல்லை என்பதனால் வேறு உரிமைகள் மக்களுக்கு இல்லை என்று பொருள் கொள்ளலாகாது என்கிறது ஒன்பதாவது திருத்தம். அப்போது தேறாத இரண்டில் ஒன்று, காங்கிரஸ் உறுப்பினர் தம் ஊதியத்தை உயர்த்திக் கொண்டால் அடுத்த தேர்தல் முடிந்த பின்னரே அது நடைமுறைக்கு வரும் என்பது. அது மெல்ல மெல்ல இசைவு பெற்று 1992ஆம் ஆண்டு 27ஆம் திருத்தமாயிற்று. தம் படியைத் தாமே நிர்ணயிப்போர் விஷயத்தில் 200 ஆண்டு பொறுமை வேண்டியிருந்தது போலும்.

இனிக் குறைகளையும் மறைக்காமல் கூற வேண்டும். ஊர்க்கூட்டங்களிலும் மாநாடுகளிலும் குரல் இல்லாதவர்களுக்குப் பட்டயம் பயன்படவில்லை. 1790ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நாட்டில் ஏறக்குறைய 7 லட்சம் அடிமைகள் இருந்தனர். உரிமைக்கு வாதாடிய மேசனும் மாடிசனும் அடிமைகளை வைத்திருந்தவர்களே. பெண்களுக்கும் அந்நாட்டின் பூர்வ குடிகளுக்கும் அம்மாநாடுகளில் இடமில்லை. அடிமை முறை ஒழிய 1865 வரையும், உள்நாட்டுப் போர் ஒன்று நடந்து முடியும் வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது.

மற்றொரு குறை செனட் சபையினால் நேர்ந்தது. சமய உரிமை, அச்சுரிமை, ஜூரி உரிமை ஆகியவற்றை மாநில ஆட்சிகளும் மீறலாகாது என்று மாடிசன் ஒரு பிரிவு எழுதியிருந்தார். அனைத்திலும் மதிப்புடையது அதுவே என்றும் கூறினார். செனட் அதை நீக்கிவிட்டது. இதன் பலன் 1833ஆம் ஆண்டு வெளிப்பட்டது. பால்டிமோர் நகராட்சி தெருக்களைச் செப்பனிட்டபோது ஓடைகளைத் திருப்பிவிட்டது. வந்து படிந்த மணலால் பாரன் என்பவருடைய படகுத்துறை ஆழம் குறைந்து கப்பல்கள் அணைய இயலாமற் போயிற்று. நியாயமான ஈடு வேண்டும் என்று அவர் தலைமை நீதிமன்றம் வரை சென்றார். உரிமைப் பட்டயம் மத்திய ஆட்சியை மட்டுமே கட்டுப்படுத்தும், மாநிலத்தையும் அதன் நகராட்சியையும் கட்டுப்படுத்தாது என்று தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார். பாரனுக்கு எதுவும் கிட்டவில்லை. 1868இல் 14ஆம் திருத்தம் வந்த பின்னரே நிலை மாறத் தொடங்கியது. அதன் துணைகொண்டு, 1897இல் சொத்துக்கு ஈடு தரும் கடமையும், 1925 முதல் பேச்சுரிமை முதலியனவும் ஒவ்வொன்றாக மாநிலங்கள் மீதும் சுமத்தப்பட்டன.

நமது அரசியல் நிர்ணய சபை இந்த வரலாற்றையெல்லாம் அறிந்தே எழுதிற்று. அதன் ஆலோசகர் பி. என். ராவ் 1947ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று அந்நாட்டு நீதிபதிகளைக் கண்டு பேசியவர். பால்டிமோரில் நேர்ந்தது இங்கே நேராதபடி, அடிப்படை உரிமைப் பகுதியின் தொடக்கத்திலேயே, 12ஆம் பிரிவில், 'அரசு' என்ற சொல் மத்திய அரசையும் மாநில அரசுகளையும் மட்டுமன்றி, உள்ளாட்சி அமைப்புகளையும் குறிக்கும் என்று எழுதப்பட்டுள்ளது. எனவே ஊராட்சி மன்றத்தின் தீர்மானமும் அவ்வுரிமைகளுக்கு உட்பட்டதே. 15ஆம் பிரிவோ ஊர்ப் பொருள்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும், அல்லது பொதுமக்கள் உபயோகத்திற்கு விடப்பட்ட கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதி, சமயம், இனம், பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டுமே காரணம் காட்டி எந்தக் குடிமகனையும் தடுத்தல் ஆகாது.